சித்தமும் திட்டமும்

சென்ற வாரம் விடுதி உணவுக்கூடத்தில் முதுகலை மாணவி ஒருத்தி என் எதிரே வந்து அமர்ந்தாள். தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாளேயொழிய உண்ணவில்லை. அவளுக்கு இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. ஒன்று முனைவர் பட்ட ஆய்வுக்கு. மற்றொன்று சொந்த ஊருக்கு அருகில் ஓர் ஆசிரியப் பணிக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். “அக்கா, இதில் தேவசித்தம் எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டாள்.

நான் உடனே விடை சொன்னேன். ஜெபம் பண்ணு, வேதத்தை வாசி, பெரியவர்களிடம் ஆலோசனை கேள், மனதில் சமாதானம் வருகிறதா என்று பார். ஞாயிறு பள்ளியில் கற்ற நான்கு படிகள். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். அறைக்குத் திரும்பியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நான்கு படிகளின் மேலும் ஏறி நின்று, ஏறத்தாழ மூன்று மாதங்கள் நான் தவறான திசையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லவே இந்தப் பதிவு. இறைநம்பிக்கை இல்லாத நண்பர்களும் இதை வாசிப்பீர்கள் என்பதை அறிவேன். ஒரு சொல்லைப் பற்றிய குறிப்பாகவேனும் இது உங்களுக்குப் பயன்படக்கூடும்.

நான் பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்களாக வாழும் ஒரு குடும்பத்தில். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பாளையங்கோட்டையில் இருக்கிறார். நான் படிப்புக்காக ஹைதராபாத் வந்த பிறகு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். வருங்காலத்தைப் பற்றிய எந்த வாக்கியத்தையும் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ என்ற சொற்கள் இல்லாமல் அவர் எழுதியதில்லை. கர்த்தருக்குச் சித்தமானால் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வேண்டும். கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த மாதம் கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். யாக்கோபின் நிருபம் கற்பித்த வழக்கம் அது. நாளை என்பது நம் கையில் இல்லை என்னும் அடக்கமே அதன் பொருள். சிறு வயதில் அது எனக்கு ஒரு நிறுத்தக்குறியைப் போலத்தான் தோன்றியது.

சென்ற டிசம்பரில் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எனக்கு ஓராண்டு ஆய்வு உதவித்தொகை கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அதே மாதத்தில் அப்பாவின் பார்க்கின்சன் நோய் முற்றத் தொடங்கியது. சட்டைப் பொத்தானைத் தாமாகப் போட்டுக்கொள்ள இயலவில்லை என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். பிப்ரவரி இறுதிக்குள் நான் பதில் தர வேண்டும்.

டிசம்பர் 31 இரவு செகந்திராபாத்தில் ஒரு தமிழ்ச் சபையின் ஆராதனைக்குப் போயிருந்தேன். எங்கள் சபைகளில் வாக்குத்தத்த அட்டை என்றொரு வழக்கம் உண்டு. வேத வசனங்கள் அச்சிட்ட சிறு அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஆளுக்கு ஒன்றை எடுப்போம். அது வரும் ஆண்டுக்கு ஆண்டவர் நமக்குத் தரும் வாக்கு என்று கொள்வோம். ஆபிரகாம் சொந்த நாட்டையும் பிறந்த வீட்டையும் விட்டுப் புறப்படும்படி அழைக்கப்பட்ட பகுதி எனக்கு வந்தது. உடன் வந்த தோழி என் கையைப் பற்றிக்கொண்டு, “இதைவிடத் தெளிவாக ஆண்டவர் எப்படிப் பேசுவார்?” என்றாள். இரண்டு நாள் கழித்துக் காலைத் தியானத்துக்குரிய பகுதியாகத் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் வந்தது. தன் வீட்டாரைப் பேணாதவனைப் பற்றிய கடுமையான சொற்கள் அங்கே உள்ளன. ஓர் அட்டை போகச் சொன்னது. ஓர் அதிகாரம் இருக்கச் சொன்னது.

இந்த வழக்கத்தை எள்ளுவது எளிது. நான் எள்ளப் போவதில்லை. மத்தியாவை அப்போஸ்தலர்களுள் ஒருவராகச் சேர்த்தது சீட்டுப் போட்டுத்தான். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்னும் சிற்றூரில் மொராவியச் சகோதரர்கள் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் சீட்டில் எடுத்த வசனங்களை 1731ஆம் ஆண்டு முதல் நூலாக அச்சிட்டு வருகிறார்கள். ஒரு காலத்தில் திருமணங்களைக்கூட அவர்கள் சீட்டினால் உறுதிசெய்ததுண்டு. நாளையை அறிய விரும்பும் மனிதரின் தவிப்பு பழமையானது. அது என்னோடு தொடங்கியதன்று.

என் தவிப்பு அட்டையோடு நிற்கவில்லை. நியாயாதிபதிகள் நூலில் கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டதுபோல நானும் ஒன்று கேட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து திங்கட்கிழமைக்குள் மின்னஞ்சல் வந்தால் போவது என்று பொருத்தனை. மின்னஞ்சல் செவ்வாய்க்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு வந்தது. ஐரோப்பாவில் அப்போது இன்னும் திங்கட்கிழமை இரவுதான். தேவன் எந்த நாட்டு நேரத்தில் பதிலளிக்கிறார் என்று மொழியியல் ஆய்வாளர் ஒருத்தி அரைமணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள். இன்று சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. கிதியோனுக்குச் செய்ய வேண்டியது என்னவென்று முன்னமே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது என்பதையும், அறியாமையால் அல்ல, அச்சத்தாலேயே அவன் தோலை விரித்தான் என்பதையும் அன்று நான் கவனிக்கவில்லை.

நான்காம் படியான ‘மனச் சமாதானம்’ கைகொடுக்குமா என்று பார்த்தேன். போவதாக நினைத்த நாளில் ஒரு மணி நேரம் சமாதானம். இருப்பதாக நினைத்த நாளில் மற்றொரு மணி நேரம் சமாதானம். முடிவெடுத்த களைப்பில் வரும் ஓய்வைத்தான் நாம் பல நேரங்களில் சமாதானம் என்று அழைக்கிறோமோ என்னும் ஐயம் அப்போது எழுந்தது. வேதத்தைப் புரட்டியபோது அந்த ஐயம் வலுத்தது. தேவனுடைய சொல்லை மீறி ஓடிய யோனா, புயலுக்கு நடுவே கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து உறங்குகிறான். தந்தையின் சித்தத்துக்கு முற்றிலும் உட்பட்ட இயேசுவோ கெத்செமனே தோட்டத்தில் இரத்தம்போல வியர்வை சிந்துகிறார். மீறியவனுக்கு உறக்கம், கீழ்ப்படிந்தவருக்கு வியாகுலம். அப்படியானால் நிம்மதியை மட்டும் அளவுகோலாகக் கொள்வது எப்படி?

இந்த இடத்தில் என் துறை எனக்கு உதவியது. ‘சித்தம்’ என்ற சொல்லைப் பின்தொடர்ந்து பார்த்தேன். வடமொழியிலிருந்து வந்த சொல். மனம், எண்ணம் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். ஒருவர் மனதில் உவந்தது என்ற பொருளுக்கும் அது விரிந்தது. ‘தங்கள் சித்தம்’ என்று அரசவை வழக்கில் சொன்னால் தங்கள் விருப்பம் என்று பொருள். புதிய ஏற்பாட்டில் ‘தெலேமா’ என்னும் கிரேக்கச் சொல் வருமிடங்களில் நம் பழைய மொழிபெயர்ப்பு சித்தம் என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் திருவுளம் என்கிறது. சித்தம், உள்ளம் இரண்டும் மனத்தைக் குறிக்கும் சொற்கள். இரண்டும் ஓர் ஆளை முன்னிறுத்துகின்றன.

என் தலைமுறையின் சபைப் பேச்சில் இந்த இடத்தில் ‘திட்டம்’ என்ற சொல் வந்து அமர்ந்துவிட்டது. உன் வாழ்க்கைக்குத் தேவன் ஒரு திட்டம் வைத்திருக்கிறார், அந்தத் திட்டத்தைக் கண்டுபிடி, அதைத் தவறவிடாதே. முழுப் படைப்பையும் குறித்த தேவ நோக்கத்தைப் பற்றி வேதம் பேசவே செய்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெரிய நோக்கத்தைப் பற்றிய பேச்சை என் விசா விண்ணப்பத்தின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டபோது ஒரு கேடு நேர்ந்தது. திட்டம் என்பது வரைபடம். வரைபடத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் வழி முழுவதும் தவறு. எனவே அச்சம் பிறக்கிறது. அச்சத்திலிருந்து அடையாள வேட்டை பிறக்கிறது. சித்தம் அப்படியன்று. அது ஒருவரின் மனம். மனத்தை வரைபடம்போலத் திருடிப் பார்க்க முடியாது. உடன் வாழ்ந்துதான் அறிய முடியும். அப்பா வாயைத் திறக்கும் முன்பே அவருக்குத் தேவைப்படுவது தண்ணீரா, சாய்மானமா என்பதை அம்மா அறிந்துவிடுகிறார். அவரிடம் எந்த அட்டையும் இல்லை.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரமும் இந்த வரிசையைத்தான் தருகிறது. முதலில் மனம் புதிதாக வேண்டும். அதன் பிறகே தேவசித்தம் இன்னதென்று பகுத்தறிவது. அங்கே பகுத்தறிதலுக்குப் பவுல் ஆளும் கிரேக்க வினை, உலோகத்தையும் நாணயத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கு வழங்கியது. பொற்கொல்லரின் கைப்பழக்கத்துக்கு உரிய சொல் அது, குறிசொல்பவருடையதன்று.

கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் ஒன்றைக் கவனித்தேன். சித்தத்தைப் பற்றிய அந்த விண்ணப்பத்தில் வரும் வினை, கிரேக்கத்தில் படர்க்கை ஏவல். நம் இலக்கணத்தில் வியங்கோளுக்கு நெருக்கமானது. அது ‘தெரியட்டும்’ என்று கேட்கவில்லை. ‘ஆகட்டும்’ என்று கேட்கிறது. பல்லாண்டுகளாக நான் ஆகட்டும் என்று வாயால் சொல்லி, தெரியட்டும் என்று மனதால் ஜெபித்துக்கொண்டிருந்தேன். மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தில் சீடர்களுக்குக் கற்பித்த அதே சொற்களை, இருபத்தாறாம் அதிகாரத்தில் கெத்செமனேயில் இயேசு தாமே சொல்கிறார். கிரேக்க மூலத்தில் எழுத்துக்கு எழுத்து அதே தொடர். கற்பித்தவரே அந்த ஜெபத்தின் விலையைக் கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் நான் மாறிவிடவில்லை. சொல்லாராய்ச்சி என்னை எழுப்பி நடக்க வைக்கவில்லை. என்னை நடக்க வைத்தது ஓர் ஒலிப்பதிவு.

ஒரு செய்தியைப் பேசுபவர் தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்பதை மொழிகள் எவ்வாறு காட்டுகின்றன என்பதே என் ஆய்வு. தமிழில் ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்தானாம்’ என்பதற்கும் உள்ள தொலைவு அது. வட திராவிட மொழியான குருக் மொழியின் கதைகளை இதற்காகப் பதிவுசெய்து வருகிறேன். ஜார்க்கண்டிலும் அதைச் சூழ்ந்த மாநிலங்களிலும், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் பேசும் மொழி. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், கும்லா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பெரியவர் ஒருவர் சொன்ன கதையை எழுத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கதை முடிந்ததும் பதிவை நிறுத்திவிடுவேன். அன்று ஏனோ நிறுத்தவில்லை. கதைக்குப் பின் கோழிகளின் ஒலி. பிறகு தட்டுத்தடுமாறிய சாத்ரி மொழியில் என் சொந்தக் குரல். “தாத்தா, அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இந்தக் கதைகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து தருவேன்.” அவர் சிரிக்கிறார். “வருவாயா?” “வருவேன்.”

அதன் பிறகு இரண்டு கிறிஸ்துமஸ்கள் கடந்துவிட்டிருந்தன.

தேவனுடைய வாக்குத்தத்தத்தை அட்டையில் தேடிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த வாக்கு என் கணினியில் கிடந்தது. என் ஆய்வுத்துறையின் மொழியில் சொன்னால், அதற்குப் பிறர் சாட்சி தேவையில்லை. கேட்டது என் செவி, பேசியது என் வாய். மறைவானவை தேவனுக்குரியவை, வெளிப்படுத்தப்பட்டவையே நமக்குரியவை என்னும் கருத்து உபாகமத்தில் வருகிறது. மீகா தீர்க்கதரிசி, தேவன் கேட்பதை நியாயம், இரக்கம், தாழ்மை என்று மூன்றில் முடித்துவிடுகிறார். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தேவசித்தம் இதுதான் என்று பவுல் வெளிப்படையாகச் சுட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று தூய வாழ்வைப் பற்றியது. மற்றொன்று எந்நிலையிலும் நன்றியுடன் இருப்பதைப் பற்றியது. இவற்றில் ஊர்ப்பெயர் இல்லை; பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை; மணமகனின் பெயரும் இல்லை. தெரிந்தவை இவ்வளவு இருக்க, தெரியாத ஒன்றைத் தேடுவதில் எனக்கிருந்த ஆர்வம் பக்தியாக எனக்கே தோன்றியது. அது தெரிந்தவற்றிலிருந்து தப்பும் வழியாகவும் இருந்தது.

அந்த வாரமே சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வாங்கி, எல்லாக் கதைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். ராஞ்சி வரை ரயில். அங்கிருந்து கும்லாவுக்குப் பேருந்து. பிறகு பகிர்வு ஆட்டோ. மொழிபெயர்ப்பில் எனக்கு உதவும் கல்லூரி மாணவர் உடன் வந்தார். பெரியவர் ஜனவரி மூன்றாம் வாரத்தில் இறந்துவிட்டிருந்தார். நான் நேரக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரம். இரண்டு கிறிஸ்துமஸ்களிலும், அந்த மதராஸிப் பெண் வந்தாளா என்று அவர் கேட்டதாகப் பாட்டி சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை; நடந்ததைச் சொன்னார்.

திண்ணைக் கட்டிலில் ஒலிபெருக்கியை வைத்தோம். பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டார். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “இங்கே கதையை மாற்றிவிட்டார். எப்போதும் இந்த இடத்தில் மாற்றிவிடுவார்” என்றார். பிறகு முதலிலிருந்து மீண்டும் போடச் சொன்னார். மூன்று முறை கேட்டோம். நான் மன்னிப்புக் கேட்டேன். மாணவர் அதை மொழிபெயர்த்தார். பாட்டி என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

அங்கிருந்து திரும்பியதும் பாளையங்கோட்டைக்குப் போனேன். ஜெபத்தில் அப்பாவின் பெயரை எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். அப்பாவிடம் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. அன்று மாலை கேட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “நீ போனால் எனக்குச் சிரமம், போகாவிட்டால் எனக்கு வருத்தம்” என்றார். அந்த இரண்டு உண்மைகளையும் அவர் ஒன்றாகவே என் முன் வைத்தார். அம்மா நடைமுறையைப் பேசினார். காலை வேளையில் துணைக்கு ஓர் ஆள் கிடைக்குமா, எவ்வளவு செலவாகும், நாகர்கோவிலிலிருக்கும் அக்காவால் எத்தனை நாள் வர முடியும் என்று ஒரு தாளில் கணக்கெழுதினோம். மூன்று மாத அடையாள வேட்டையில் கிடைக்காத தெளிவு அந்தத் தாளில் இருந்தது.

இந்த ஆண்டு போவதில்லை என்று முடிவுசெய்தேன். பாதிக் காரணம் அப்பா. மீதிக் காரணம், அதே வாக்கை நான் கொடுத்திருந்த இன்னும் பதினோரு பேர். வாய்ப்பை ஓராண்டு தள்ளிவைக்க இயலுமா என்று எழுதிக் கேட்டேன். இயலாது என்று பதில் வந்தது. அது வேறொருவருக்குப் போய்விட்டது. மனதில் சமாதானம் வந்ததா என்றால், முழுமையாக வரவில்லை. சில இரவுகளில் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

டீட்ரிக் போன்ஹோஃபரை அப்போதுதான் மீண்டும் வாசித்தேன். 1939 ஜூனில் அவர் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே பாதுகாப்பும் பணியும் காத்திருந்தன. ஒரு மாதம் முடிவதற்குள் ஜெர்மனிக்குத் திரும்ப முடிவெடுத்து, ஜூலையில் கப்பலேறிவிட்டார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். தம் முடிவுகளின் உள்நோக்கம் தமக்கே ஒருபோதும் முழுதாக விளங்குவதில்லை என்று அந்நாட்களில் அவர் நாட்குறிப்பில் எழுதினார். குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவை அழைக்கும் வரி ஒருநாள் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அதைத் தமக்குச் சொன்னதாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் நாட்களைப் பாருங்கள்: பதவியை மறுத்தது ஜூன் 20, அந்த வரியைக் கண்டது ஜூன் 26. வசனம் அவருக்காக முடிவெடுக்கவில்லை. எடுத்த முடிவின் தனிமையில் அது அவருக்குத் துணை வந்தது. அட்டைகளைப் பற்றி இன்று என் கருத்தும் இதுதான்.

தவறாகப் புரிந்துகொள்ளப்படக் கூடாது என்பதற்காக இரண்டைச் சொல்ல வேண்டும். இருப்பது போவதைவிடப் புனிதமானது என்று நான் சொல்லவில்லை. ‘தேவசித்தம்’ என்ற சொல்லைக் கொண்டே எத்தனை மகள்களின் படிப்பு நிறுத்தப்பட்டிருக்கிறது, எத்தனை திருமணங்கள் திணிக்கப்பட்டிருக்கின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன். உன்னைக் குறித்து ஆண்டவர் என்னிடம் சொன்னார் என்று பிறர் வந்து சொல்லும்போது, அந்த வாக்கியத்தின் இறுதியில் ஓர் ‘ஆம்’ சேர்த்துக் கேட்டுக்கொள்ள நமக்கு உரிமையுண்டு: சொன்னாராம். அது அவநம்பிக்கை அன்று, இலக்கண நேர்மை. இரண்டாவது, தெரிந்ததைச் செய்தால் தெரியாதது தானே விளங்கிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. எனக்கு விளங்கவில்லை. கேட்பவள் மட்டும் சற்று மாறினாள்.

அன்பான தங்கைக்கு: அன்று நான் சொன்ன நான்கும் பொய்யல்ல. ஆனால் அவற்றுக்கு முன், நீ யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாய் என்று பார். யாரிடம் இன்னும் நேராகக் கேட்கவில்லை என்று பார். இந்த வாரம் செய்ய வேண்டியது என்று ஐயமின்றித் தெரிந்தும் எதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று பார். அவற்றைச் செய்துவிட்டு, இரண்டு அழைப்புகளில் ஒன்றை உன் அறிவைக்கொண்டு தேர்ந்துகொள். தவறாகத் தேர்ந்தாலும் அவருடைய மனதுக்கு வெளியே நீ போய்விட முடியாது என்றே நான் நம்புகிறேன்.

பதினோரு பேரில் எட்டுப் பேரிடம் பதிவுகளைச் சேர்த்துவிட்டேன். மீதி மூவர் சிம்தேகா பக்கம் இருக்கிறார்கள். அப்பாவின் கடிதம் நேற்று வந்தது. கை நடுக்கத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தன. படித்து முடிக்க நெடுநேரம் ஆனது. கடைசி வரியில், கர்த்தருக்குச் சித்தமானால் என் ஆய்வேட்டை அச்சில் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.